சேஸிஸ் ஓசூரில்... பாடி கரூரில்! ஒரு பஸ் பிறப்பது எப்படி? டி.வி.எஸ். குடும்பம் முதல் மின்சார பஸ் வரை

ஓசூர் - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ஒருமுறையாவது போனவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். கூரை இல்லை, கதவு இல்லை, கண்ணாடி இல்லை. நீளமான இரண்டு இரும்புச் சட்டம், ஆறு சக்கரம், ஒரு இன்ஜின், ஒரு ஸ்டீயரிங். அவ்வளவுதான் வண்டி. அதன்மேல் தற்காலிகமாகப் பொருத்திய சீட்டில், முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு ஒரு டிரைவர். வெயிலோ மழையோ, எல்லாமே அவர் மேல்தான் விழும்.

அது ரிப்பேர் வண்டி இல்லை. புத்தம் புது பஸ். சரியாகச் சொன்னால் பாதி பஸ். மீதிப் பாதியைத் தேடித்தான் அது போய்க்கொண்டிருக்கிறது.

இந்த மீதிப் பாதியைக் கட்டுவது யார்? ஏன் ஒரே கம்பெனி முழு பஸ்ஸையும் செய்துவிடக் கூடாது? பல ஊர்களில் இது ஏன் குடும்பத் தொழிலாகவே வளர்ந்தது? ஸ்லீப்பர் பஸ் தீப்பிடிக்கும்போதெல்லாம் ஏன் 'பாடி கட்டினது யாரு?' என்ற கேள்வி வருகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சேஸிஸ் என்றால் என்ன, பாடி என்றால் என்ன?

இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில், பிரேக், இவை எல்லாவற்றையும் தாங்கும் இரும்புச் சட்டம். இதுதான் சேஸிஸ். இதன்மேல் எழும்பும் கூண்டு, தகடு, கூரை, தரை, ஜன்னல், சீட், லைட் எல்லாம் சேர்ந்தது பாடி. நம்மூரில் 'பஸ் வாங்கினார்' என்று சொன்னாலும், தனியார் பஸ் முதலாளி பெரும்பாலும் வாங்குவது சேஸிஸைத்தான். பிறகு அதை ஒரு பட்டறையில் விட்டு பாடி கட்டுவார். இரண்டுக்கும் பில் தனி, வாரண்டி தனி.

சட்டமும் பஸ்ஸை இப்படி இரண்டு பாதியாகத்தான் பார்க்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் படிவம் 22-ஏ என்று ஒன்று உண்டு. அதன் முதல் பகுதியில் சேஸிஸ் தயாரித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாம் பகுதியில் பாடி கட்டியவர். பாடி கட்டி முடியும்வரை சேஸிஸ் ஓடுவது தற்காலிகப் பதிவில்.

இந்த ஏற்பாடு மோட்டார் வண்டிக்கும் முந்தையது. சென்னையில் 1840-ல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் முதலில் செய்தது குதிரை வண்டிகள். அந்தக் காலத்தில் வண்டி கட்டுவது தச்சு வேலை. மோட்டார் வந்தபோது, கப்பலில் சேஸிஸ் மட்டும் வந்து இறங்கியது. மேல்வேலையை ஊர்த் தச்சர்களும் கொல்லர்களும் செய்தார்கள். முழு வண்டியாகக் கொண்டுவந்தால் இடத்தை அடைக்கும், காசும் அதிகம். ஊருக்கு ஊர் தேவையும் வேறு. காரைப் பொறுத்தவரை இந்த முறை மறைந்துவிட்டது. பஸ்ஸில் மட்டும் நூறு வருஷம் தாண்டியும் நிற்கிறது.

பஸ் ஓட்டிய குடும்பம்

தமிழ்நாட்டில் இந்தக் கதையைச் சொல்ல டி.வி.எஸ். குடும்பத்தைவிடப் பொருத்தமானவர்கள் கிடைக்க மாட்டார்கள். ஓசூர்க்காரர்களுக்கு டி.வி.எஸ். என்றால் மொபெட், பைக். ஆனால் அந்தக் குடும்பம் தொழிலுக்குள் வந்தது பஸ் படிக்கட்டு வழியாக.

திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். 1911-ல் மதுரையில் நிறுவனத்தைத் தொடங்கினார். 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அவருடைய பஸ் ஓடியது. மாட்டு வண்டிக்காகப் போட்ட சாலையில் மோட்டார் பஸ்! காளைகளின் லாடத்தில் இருந்து கழன்று விழும் ஆணிகள்தான் பெரிய எதிரி. டயர் பஞ்சர் ஆகிக்கொண்டே இருந்தது. அதற்கு அவர் கண்ட வழி, காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்குவது. பஸ் விடுவதற்கு முன்னால் சாலையைச் சுத்தம் செய்ய வேண்டிய காலம் அது.

இதுபோன்ற தேவைகள்தான் ஒவ்வொரு தொழிலாக அந்தக் குடும்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. டயர் தேய்கிறதா, ரீட்ரெடிங் தொழில். உதிரிபாகம் கிடைக்கவில்லையா, அதற்கொரு கடை. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, கரியை எரித்து வரும் வாயுவில் பஸ்ஸை ஓட்டும் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' வந்தது. பழைய ஆட்கள் 'கரி பஸ்' என்று சொல்வார்களே, அந்தக் காலம்தான். வீட்டுத் தாத்தாவிடம் கேட்டால் ஒரு கதையாவது கிடைக்கும்.

பாடி கட்டும் வேலையும் இந்த வரிசையில் வந்ததுதான். டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் இண்டஸ்ட்ரீஸ் மதுரையில் பஸ் பாடி கட்டியது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தன் பஸ்ஸைத் தானே பல வருஷம் ஓட்டப்போகிறவர் பாடி கட்டும்போது கணக்கு வேறு மாதிரி இருக்கும். எந்த இடத்தில் தகடு கிழிகிறது, எந்தப் படியில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள், எந்த ஜன்னல் மழையில் ஒழுகுகிறது என்று டெப்போவில் இருந்தே புகார் வந்துவிடும். கட்டியவரும் நஷ்டப்படுகிறவரும் ஒருவரே. இந்த வசதி எல்லாப் பட்டறைக்கும் இல்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

1972-ல் தமிழக அரசு பெரிய தனியார் பஸ் நிறுவனங்களை அரசுடைமை ஆக்கியது. மதுரையில் டி.வி.எஸ். பஸ்களைக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. பஸ்ஸில் தொடங்கிய குடும்பத்தின் கையில் பஸ் இல்லாமல் போனது. ஆனால் பஸ்ஸைச் சுற்றி வளர்ந்த தொழில்கள் கையில் இருந்தன. 1962-ல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன், கனரக வாகனங்களுக்கு ஏர் பிரேக் செய்துகொண்டிருந்தது. அதன் மொபெட் பிரிவுதான் ஓசூருக்கு வந்து, 1980-ல் டி.வி.எஸ். 50 வண்டியை இறக்கியது.

ஏன் ஓசூர்?

அன்று தர்மபுரி மாவட்டத்தில் இருந்த சின்ன ஊர் ஓசூர். (கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-ல்தான்.) மழையை நம்பிய விவசாயம், பின்தங்கிய பகுதி. ஆனால் பெங்களூர் 40 கிலோமீட்டரில். 1971-ல் உருவான சிப்காட் இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. பெங்களூரின் ஆட்களும் வசதிகளும் கிடைக்கும், தமிழ்நாட்டின் நிலமும் சலுகையும் கிடைக்கும் என்பதுதான் கணக்கு. இன்றும் அட்டிபெலே எல்லையில் ஷிஃப்ட் மாறும் நேரத்து நெரிசலைப் பார்த்தால் அந்தக் கணக்கு எவ்வளவு பலித்திருக்கிறது என்று தெரியும்.

அசோக் லேலண்டும் 1980-ல் இங்கே தொழிற்சாலை திறந்தது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் ஆஸ்டின் கார்களுக்காகத் தொடங்கி, பிரிட்டனின் லேலண்டோடு சேர்ந்து 1955-ல் பெயர் மாறிய கம்பெனி. அதன் பெரிய தளங்களில் ஒன்று ஓசூர்.

ஆக, பஸ் விட்ட குடும்பம் ஓசூரில் மொபெட் செய்தது. அதே ஊரில் இருந்து லேலண்ட் வண்டிகள் நெடுஞ்சாலையில் இறங்கின. பாடி மட்டும் ஓசூரின் அடையாளமாக மாறவில்லை. அது 250 கிலோமீட்டர் தெற்கே போனது.

கரூர் எப்படி பஸ் ஊரானது?

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர். இந்த ஆறு ஊரும் ஒரே சாலையில், தேசிய நெடுஞ்சாலை 44-ல் இருக்கின்றன. சேஸிஸ் டிரைவர் எங்கேயும் திரும்பவே வேண்டாம். அதே சாலையில் இன்னும் போனால் மதுரை.

கரூருக்கு மூன்று அடையாளம்: ஜவுளி, கொசுவலை, பஸ் பாடி. பக்கத்திலேயே நாமக்கல்லும் திருச்செங்கோடும் லாரிக்கும் ரிக் வண்டிக்கும் பேர்போனவை. கொங்குப் பகுதி முழுக்கத் தனியார் பஸ் முதலாளிகள். ஆர்டரும் பக்கத்தில், வெல்டரும் பக்கத்தில். தமிழ்நாட்டின் நடுவில் இருப்பதால் எந்த ஊர்க்காரருக்கும் வந்துபோவது சுலபம். ஒரு பட்டறையில் வேலை கற்றவர் இன்னொரு பட்டறை போட்டார். அங்கே கற்றவர் அடுத்தது. அப்பா, மகன், மாமன், மச்சான் என்று தொழில் பரவியது.

உள்ளே வேலை எப்படி நடக்கிறது? முதலில் சதுரக் குழாய்களை வெல்டிங் செய்து கூண்டு நிறுத்துவார்கள். முன்பு இதையே தேக்கு மரத்தில் செய்தார்கள். அடுத்து தரைக்குப் பலகை, பக்கவாட்டில் தகடு, மேலே கூரை. முகப்பும் பின்பக்கமும் ஃபைபரில் வார்த்து வரும். அதன்பிறகு வயரிங், கண்ணாடி, சீட், பெயின்ட். வெல்டர், டிங்கர், ஆசாரி, எலக்ட்ரீஷியன், குஷன் வேலைக்காரர், பெயின்டர் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி ஆட்கள். ஒரு பஸ் முடிய வாரக் கணக்கில் ஆகும். முதலாளி நடுவில் இரண்டு தடவையாவது வந்து 'முகத்தை மாத்துங்க, அந்த பஸ் மாதிரி லைட்டு வைங்க' என்று சொல்லாமல் போகமாட்டார்.

கரூரின் பலமே அதுதான். தொழிற்சாலையில் செய்தால் ஒரே அச்சு. இங்கே முதலாளி கேட்டபடி. மலைப்பாதைக்குக் குட்டை பஸ், டவுன் சர்வீஸுக்கு அகலப் படி, கோயில் பெயர் எழுத முன்னால் இடம், பாட்டு கேட்க ஸ்பீக்கர். பஸ் ரசிகர்கள் ஒரு பஸ்ஸின் பின்பக்க வளைவைப் பார்த்தே எந்தப் பட்டறை என்று சொல்லிவிடுவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். பெங்களூரின் எஸ்.எம்.கண்ணப்பா ஆட்டோமொபைல்ஸ் கட்டும் 'பிரகாஷ்' பாடிக்குத் தமிழ்நாட்டிலும் ரசிகர்கள் உண்டு.

வெளிநாட்டிலும் இப்படித்தானா?

ஏறக்குறைய இப்படித்தான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஆல்பர்ட் லூஸ் என்பவர் ஃபோர்டு கார் டீலர். அவர் விற்ற ஒரு பஸ்ஸின் மரப் பாடி, வாங்கியவர் கடைசித் தவணை கட்டுவதற்குள்ளேயே கழன்றுவிட்டது. 'நாமே இரும்பில் செய்து பார்ப்போமே' என்று 1927-ல் ஒன்று கட்டினார். இன்று அமெரிக்கப் பள்ளிகளுக்கு மஞ்சள் பஸ் செய்யும் 'புளூ பேர்ட்' பிறந்தது அப்படி. 1992-ல் அது குடும்பத்தின் கையை விட்டுப் போனது.

பிரேசிலில் நிக்கோலா சகோதரர்கள் 1949-ல் தொடங்கிய பட்டறைதான் மார்கோபோலோ. 2006-ல் டாடாவுடன் கைகோத்து, கர்நாடகாவின் தார்வாடில் தொழிற்சாலை போட்டது. கூட்டணியில் இருந்து விலகுவதாக 2020-ல் முடிவெடுத்தது. பெல்ஜியத்தின் வான் ஹூல் 1947-ல் பிறந்த குடும்ப நிறுவனம். 2024 ஏப்ரலில் திவாலானது.

குடும்பமாகத் தொடங்குவது, பெரிதாவது, பிறகு வெளியாள் கைக்குப் போவது. உலகம் முழுக்க இந்த வரிசை அதிகம் மாறவில்லை.

டி.வி.எஸ்.ஸும் வெளிநாட்டுப் பட்டறை ஒன்றோடு சேர்ந்து பார்த்தது. ஸ்பெயினின் இரிசார், 1889-ல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய நிறுவனம். அதுவும் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் சேர்ந்து 2001-ல் 'இரிசார் டி.வி.எஸ்.' ஆரம்பித்தார்கள். இடம் விராலிமலை. சொகுசு பஸ் பாடிகள் கட்டினார்கள். பிறகு ஸ்பெயின்காரர்கள் விலக, அது 'குளோபல் டி.வி.எஸ். பஸ் பாடி பில்டர்ஸ்' ஆனது. சேஸிஸ் செய்யும் லேலண்டும், பஸ்ஸில் தொடங்கிய டி.வி.எஸ்.ஸும் ஒரே பட்டறையில். விராலிமலை இருப்பது எந்த மாவட்டம் தெரியுமா? புதுக்கோட்டை. 1912-ல் சுந்தரம் ஐயங்காரின் பஸ் போய் நின்ற அதே புதுக்கோட்டை.

பாடி கட்டுபவருக்கு கஸ்டமர் யார்?

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி.

பாடி பட்டறைக்குப் பணம் கொடுப்பவர் பஸ் முதலாளி. அந்த பஸ்ஸில் தூங்கப்போகும் பயணி பட்டறைப் பக்கமே வருவதில்லை. 'இன்னும் நாலு பெர்த் போட முடியுமா, அடியில் லக்கேஜுக்கு இடம் பெருசாக்க முடியுமா' என்று கேட்க முதலாளி இருக்கிறார். 'அவசர வழி எங்கே, எனக்குக் குனிந்து வெளியே வர இடம் இருக்கா' என்று கேட்க ஆள் இல்லை. பயணிக்குப் பதிலாக அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் அரசு விதி வேண்டியிருக்கிறது.

அந்த விதியின் பெயர் ஏ.ஐ.எஸ். 052. பஸ் பாடி கோட் என்று சொல்வார்கள். நடைவழி எவ்வளவு அகலம், அவசர வழிகள் எத்தனை, எங்கே, கண்ணாடி உடைக்கும் சுத்தியல், வயரிங் எப்படி, சீட் எதில் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். ஸ்லீப்பர் பஸ்ஸுக்குத் தனியாக ஏ.ஐ.எஸ். 119. பஸ் கவிழ்ந்தால் கூண்டு நசுங்காமல் பயணி உயிர்பிழைக்க இடம் மிஞ்சுகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. புனேயிலும், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலும் இதற்கான சோதனை மையங்கள் இருக்கின்றன.

கோட் இருந்தும் விபத்துகள் நிற்கவில்லை. 2025 அக்டோபர் 14-ல் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் அருகே ஏ.சி. ஸ்லீப்பர் பஸ் எரிந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பத்தே நாளில், அக்டோபர் 24 அதிகாலை, ஹைதராபாத்தில் இருந்து பெங்களூர் வந்துகொண்டிருந்த பஸ் கர்னூல் அருகே பைக்கில் மோதித் தீப்பிடித்தது. 19 பயணிகள் உயிரிழந்தனர். இரண்டு தடவையும் கேள்வி ஒன்றுதான்: ஏன் வெளியே வர முடியவில்லை?

உடனே வரும் பதில், 'லோக்கல் பட்டறைகளை மூடுங்க, பெரிய கம்பெனி மட்டும் பஸ் செய்யட்டும்' என்பது. கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் 2013 அக்டோபர் 30-ல் இதே பெங்களூர் - ஹைதராபாத் சாலையில், மகபூப்நகர் மாவட்டத்தில் பாலத்தில் மோதி எரிந்து 45 பேரைப் பலிகொண்ட பஸ், பன்னாட்டு நிறுவனத்தின் தொழிற்சாலையில் முழுதாகத் தயாரானது. ஆகவே 'சின்னப் பட்டறை என்றால் ஆபத்து, பெரிய தொழிற்சாலை என்றால் பத்திரம்' என்ற சமன்பாடு அவ்வளவு எளிதாக வேலை செய்யாது. சான்று வாங்கும்போது ஒரு மாதிரி, வாங்கிய பிறகு அவசரக் கதவை மறைத்து ஒரு பெர்த் என்று மாற்றினால், முதலில் யார் கட்டினார் என்பதற்கு அர்த்தமே இல்லை.

எல்லைப்பகுதிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கட்டுவது ஒரு மாநிலம், பதிவு செய்வது இரண்டாவது, தினமும் ஓடுவது மூன்றாவது. நாகாலாந்து பதிவெண்ணோடு ஓசூரைத் தாண்டும் ஆம்னி பஸ்களை நாமே பார்த்திருக்கிறோம். வெளிமாநிலப் பதிவெண் ஆம்னி பஸ்கள் மீது 2024 ஜூனில் தமிழக அரசு நடவடிக்கை எடுத்ததும் நினைவிருக்கலாம். பதிவு ஓர் ஊரிலும் பஸ் வேறோர் ஊரிலும் இருந்தால், உள்ளே நடந்த மாற்றத்தை யார் எப்போது பார்ப்பது?

அடுத்து என்ன?

பட்டறைகளுக்கு விதியைவிடப் பெரிய சவால் வேறு பக்கம் இருந்து வருகிறது. 2025 ஜூன் 30-ல் சென்னை வியாசர்பாடியில் 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. மின்சார பஸ்ஸில் பேட்டரியின் எடை கூரையிலோ தரையிலோ உட்காரும். அதைத் தாங்கும்படி கூண்டையும் சட்டத்தையும் ஒன்றாகவே வடிவமைக்க வேண்டும். கீழ்ப்பாதி ஒருவர், மேல்பாதி ஒருவர் என்று பிரிப்பது கஷ்டம். சட்டமும் கூண்டும் ஒன்றான பஸ்ஸை ஜெர்மனியின் கேஸ்போரர் குடும்பம் 1951-லேயே 'செட்ரா' என்ற பெயரில் செய்தது. அந்தக் குடும்பத்தின் பஸ் தொழில் 1995-ல் பென்ஸ் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது என்பது தனிக்கதை.

அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஒருகாலத்தில் சேஸிஸ் வாங்கித் தங்கள் பணிமனையிலேயே பாடி கட்டின. கரூருக்கும் ஆர்டர் கொடுத்தன. இப்போது தாழ்தளப் பஸ், மின்சார பஸ் எல்லாம் முழு பஸ்ஸாகவே வருகின்றன. ஓசூரும் மாறிவிட்டது. ஏதர் ஸ்கூட்டர் இங்கே, ஓலா ஸ்கூட்டர் போச்சம்பள்ளியில். மின்சார வண்டி மாவட்டம் என்று கிருஷ்ணகிரிக்குப் புதுப் பெயர் வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேறு வேலைக்குப் போக கரூர்க்காரர்களால் ஒரே நாளில் முடியாது. தகட்டை அடித்து வளைக்கும் கைத்திறனை எந்தப் படிப்பும் கொடுத்ததில்லை. பக்கத்தில் நின்று கற்றதுதான். சான்று, சோதனை, டிசைன் இன்ஜினியர் என்று செலவழிக்க முடிந்த பட்டறைகள் தாக்குப்பிடிக்கும். மற்றவர்களுக்குப் பள்ளி வேன், ஆம்புலன்ஸ், பழைய பஸ் ரிப்பேர் என்று ஒதுங்கும் வழிதான் தெரிகிறது.

இன்றிரவு பெங்களூரில் இருந்து மதுரைக்கோ கோவைக்கோ பஸ் ஏறுகிறீர்களா? பெர்த்தில் படுப்பதற்கு முன் இரண்டு நிமிஷம் செலவழியுங்கள். அவசர வழி எந்தப் பக்கம், அதை எதுவும் மறைக்கிறதா, சுத்தியல் கைக்கு எட்டுகிறதா, நடைவழியில் பார்சல் மூட்டை கிடக்கிறதா என்று பாருங்கள். இறங்கும்போது பஸ்ஸின் பின்பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பெரிய எழுத்தில் டிராவல்ஸ் பெயர் இருக்கும். அதற்குக் கீழே, பல பஸ்களில், ஓரமாகச் சின்னதாக ஒட்டியிருக்கும் இன்னொரு பெயர்தான் பாடி கட்டியவருடையது.